தட்டுப்பாட்டு நாளில் மருந்து யாருக்கு முதலில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பார்மசிஸ்ட் நான். கொரோனாவின் இரண்டு அலையிலும் அதே ஸ்டோரில்தான் இருந்தேன். அதன்பிறகு குடியிருப்போர் நலச் சங்கத்தினர், நர்சிங் ஹோம் நடத்துபவர்கள், 2021 மே மாதம் போனும் கையுமாகப் படுக்கை தேடி அலைந்த தன்னார்வலர்கள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியால் வந்தாலும் இந்தக் கேள்விகள் மாறாது.

தட்டுப்பாடு வரும்போது பார்த்துக்கொள்ளலாமே, இப்போதே எதற்குத் திட்டம்?

அப்போது யோசிக்க யாருக்கும் தலை இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

2021 மே மாதம் எங்களிடம் நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்கள், அதாவது காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்கள், நான்கு இருந்தன. யாருக்குக் கொடுப்பது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வார்டிலிருந்து முதலில் இண்டெண்ட் (தேவைச் சீட்டு) எழுதி அனுப்பியவர்களுக்கு நான் கொடுத்துக்கொண்டே வந்தேன். நான்காவது மெஷின் போனது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதம் இருந்த ஒருவருக்கு. அவருடைய மகன் ஸ்டோர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோவில் ஓர் அம்மா வந்து இறங்கினார். அவருக்கு ஆக்ஸிஜன் அளவு 80. கொடுத்ததைத் திரும்ப வாங்க யாருக்கும் வாய் வரவில்லை. விடியும்வரை ஒரு சிலிண்டரை வைத்துச் சமாளித்தோம். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் அன்றிரவு நான் செய்தது சரியில்லை.

'92-க்குக் கீழே போனவருக்கே முதலில்' என்று ஒரு வரி சுவரில் ஒட்டியிருந்தால் போதும், அந்த மகனிடம் நான் பேசியிருக்க முடியும். திட்டம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வரிதான்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதானே நியாயம்? ரேஷன் கடை வரிசை மாதிரி?

ரேஷன் கடையில் எல்லோருக்கும் கார்டு இருக்கிறது, அளவு இருக்கிறது, இன்று கிடைக்காவிட்டால் நாளை வாங்கலாம். உயிர் காக்கும் மருந்தில் இந்த மூன்றும் கிடையாது.

2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கொரோனா நோயாளிகளுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி மருந்தை அரசே விற்கத் தொடங்கியது நினைவிருக்கும். கள்ளச் சந்தைக்காரனிடம் மாட்டாமல் மக்கள் நேரடியாக வாங்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் என்ன ஆயிற்று? ராத்திரியே வந்து பிளாட்பாரத்தில் படுத்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் சி.டி. ஸ்கேன் அறிக்கை, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு, டாக்டர் சீட்டு, நோயாளியின் ஆதார், வந்தவரின் ஆதார். என் நாத்தனார் மகனும் அந்த வரிசையில் ஒரு பகலும் ஒரு இரவும் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற பெரியவர் வேறு மாவட்டத்திலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்திருந்தாராம். அவன் கவுண்டரை அடைவதற்குள் அன்றைக்கான குப்பிகள் முடிந்துவிட்டன.

அந்த வரிசையில் நோயாளி யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நின்றவர்கள் மகன், மருமகன், தம்பி. யாருக்கு ஆள் பலம் இருக்கிறதோ, யாருக்கு லீவு கிடைக்கிறதோ, யாரிடம் வண்டி இருக்கிறதோ அவர்களுக்கு மருந்து. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்றால் வரிசையில் நிற்க யார் போவது? கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில்? அதோடு, பாதிப் பேர் வீட்டில் ஒரு நோயாளியைக் கவனித்துவிட்டு வந்தவர்கள். தோளோடு தோள் உரசி நின்ற அந்தக் கூட்டமே நோயைப் பரப்பும் இடமாகிவிட்டது.

மே நடுவில் விற்பனையைப் பெரியமேடு நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கூட்டம். சில நாளில் நேரடி விற்பனையை நிறுத்திவிட்டு, மருத்துவமனைகள் இணையதளத்தில் நோயாளி விவரத்தைப் பதிவு செய்தால் மருந்து மருத்துவமனைக்கே ஒதுக்கப்படும் என்று அறிவித்தார்கள். சரியான முடிவு. முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அப்படியானால் மருந்து எந்த வழியில் போக வேண்டும்?

நோயாளியின் குடும்பம் மருந்தைத் தேடி அலையக் கூடாது. மருந்துதான் நோயாளி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். இதற்கு நம் மாநிலத்திலேயே முப்பது ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு இருக்கிறது.

1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரப் பரிசோதனை செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கிக் கணக்கு மாதிரி, இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். எடுக்க எடுக்க அதில் கழிப்பார்கள். எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்பது கணினியில் தெரியும். வெளிமாநிலங்களிலிருந்து வந்து பார்த்துப் படித்துப் போன முறை இது.

பெருந்தொற்றுக் காலத்தில் இதையே தனியார் மருத்துவமனைகளுக்கும் நீட்டிப்பதுதான் என் முதல் கோரிக்கை. எங்களைப் போன்ற முப்பது படுக்கை இடங்களுக்கு அந்தக் கதவு இல்லை. பெரிய மருத்துவமனைகள் கம்பெனியிடம் நேரடியாகப் பேசி வாங்கிக்கொள்ளும். நாங்கள் மொத்த வியாபாரிக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். எங்களிடம் படுத்திருப்பவர் மட்டும் குறைந்த உயிரா?

'வார் ரூம்' என்றார்களே, அதனால் பயன் இருந்ததா?

இருந்தது. 2021 மே தொடக்கத்தில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அமைந்த கட்டளை மையத்துக்கு 104 என்ற எண்ணில் பேச முடிந்தது. எங்கே படுக்கை காலி, எந்த மருத்துவமனையில் ஆக்ஸிஜன் தீரப் போகிறது என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு குடும்பமும் நாற்பது மருத்துவமனைக்குத் தனித்தனியாக போன் போட்டது. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். வாசலிலேயே தரம் பிரித்து, லேசான நோய் உள்ளவர்களை நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற இடங்களுக்கு அனுப்பத் தொடங்கியபிறகுதான் அந்த நெரிசல் தளர்ந்தது.

அந்த மையம் அலை உச்சத்தில் இருக்கும்போது பிறக்கக் கூடாது. அலை எழும்போதே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

யாருக்கு முதலில் என்பதை யார் முடிவு செய்வது? பார்க்கும் டாக்டர்தானே?

அவர் முடிவு செய்யக் கூடாது. அவரை அந்த இடத்தில் நிறுத்துவது அவருக்கும் கொடுமை, நோயாளிக்கும் கொடுமை. தன் நோயாளிக்காகப் போராடுவதுதான் அவர் வேலை. இருப்பதைப் பங்கிடுவது இன்னொரு குழுவின் வேலையாக இருக்கட்டும்: அந்த நோயாளியைப் பார்க்காத ஒரு மூத்த மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு பார்மசிஸ்ட், முடிந்தால் வெளியிலிருந்து ஒருவர். குழுவுக்கு நோயாளியின் பெயர் போகக் கூடாது. மூச்சு விடும் வேகம், ஆக்ஸிஜன் அளவு, கூட இருக்கும் நோய்கள், இந்த மருந்தால் தேறும் வாய்ப்பு, இவை மட்டும் போக வேண்டும். கவுன்சிலர் சொந்தமா, முதலாளிக்குத் தெரிந்தவரா என்ற விஷயமே அந்தத் தாளில் ஏற இடம் இருக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சையைக் காட்டுவேன். 2008 முதல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பொதுவான காத்திருப்புப் பட்டியல்படி பகிர்ந்து வருகிறார்கள். இப்போது அதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. சிறுநீரகத்தை விட அரிதான பொருள் உண்டா? அதையே விதி வைத்துப் பங்கிட முடிகிறது, ஏனென்றால் உறுப்பு கிடைப்பதற்கு முன்பே விதி எழுதப்பட்டிருக்கிறது.

வயதானவர்களை ஒதுக்கிவிடுவார்களோ?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களேதான். குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இந்தப் பயம் வீண் பயமில்லை. 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம், ஐ.சி.யூ.வில் சேர்க்க வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று எழுதியது. உலகம் முழுக்க அதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது.

என் கருத்து இது. வயதை மட்டும் வைத்துக் கோடு கிழிக்கக் கூடாது. தேறும் வாய்ப்பைப் பாருங்கள். தினமும் கடற்கரையில் நடக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள ஐம்பது வயதுக்காரரை விட வாய்ப்பு அதிகமாக இருக்கலாம். மருந்தின் பலன் வயதைப் பொறுத்தது என்று ஆய்வு சொன்னால் அப்போது வயதும் கணக்கில் வரட்டும். தடுப்பூசியில் அப்படித்தான் நடந்தது, வயதானவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதால் 2021 மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்கள் முன்னால் வந்தார்கள்.

இரண்டு பேர் நிலையும் ஒன்றேபோல் இருந்தால்?

குலுக்கல். முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனைகளில் 2020-இல் ரெம்டெசிவிர் போதாதபோது குலுக்கல் முறையைத்தான் வைத்தார்கள். அத்தியாவசிய வேலை பார்ப்பவர்களுக்கும், வசதி குறைந்த பகுதிகளிலிருந்து வருபவர்களுக்கும் அதில் வாய்ப்பு சற்றுக் கூடுதல். சீட்டு எடுக்கும்போது அங்கே சிபாரிசு நுழைய முடியாது. குடும்பத்துக்கும் 'எங்களை மட்டம் தட்டிவிட்டார்கள்' என்ற காயம் மிஞ்சாது.

மருத்துவப் பணியாளர்களுக்கு ஏன் முன்னுரிமை? அவர்கள் உயிர் உசத்தியா?

உசத்தி என்பதால் அல்ல. ஒரு செவிலியர் படுத்தால் பத்து நோயாளிகளுக்கு ஆள் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை டாக்டர், நர்சோடு நிறுத்தாதீர்கள். வார்டைக் கூட்டும் அம்மா, சிலிண்டர் உருட்டும் பையன், 108 ஓட்டுநர், பிணவறை ஊழியர், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், இவர்கள் எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். முதல் அலையில் என்.95 கவசம் வந்தபோது எங்களிடம் மேலேயிருந்து கீழே கொடுத்து வந்தோம். கடைசியில் துணி முகக்கவசத்தோடு நின்றவர் தினமும் கொரோனா வார்டுக் கழிவறையைக் கழுவியவர். யாருக்கு ஆபத்து அதிகமோ அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஆக்ஸிஜன் தட்டுப்பாடு என்றால் உண்மையில் என்ன தட்டுப்பாடு?

காற்றில் ஆக்ஸிஜனுக்குக் குறைவில்லை. அதைப் பிரித்து, மைனஸ் 183 டிகிரியில் திரவமாக்கி, டேங்கரில் ஏற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் எல்லாத் தட்டுப்பாடும். இரண்டாம் அலையில் நாட்டின் பெரிய உற்பத்தி இரும்பாலைகள் உள்ள கிழக்கு மாநிலங்களில் இருந்தது. தேவையோ தில்லியில், மும்பையில், சென்னையில். திரவ ஆக்ஸிஜனைத் தாங்கும் டேங்கர்கள் போதவில்லை. 2021 மே 14 அன்று மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலிருந்து முதல் ஆக்ஸிஜன் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்தது. மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்ஸிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்ததும் அந்த நாட்களில்தான்.

இது மேலே நடப்பது. கீழே எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒரு எளிய கணக்கு. ஜம்போ சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுக்கும் ஒரு நோயாளிக்கு அது பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதே சிலிண்டரை மூக்கு வழியாக வேகமாக ஆக்ஸிஜன் செலுத்தும், நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடும் எச்.எஃப்.என்.சி. மெஷினில் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இருபது பேர் 10 லிட்டரில் இருந்தால் ஒரு நாளைக்கு 41 சிலிண்டர். இந்த எண்ணை எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டியபிறகுதான் எங்கள் முதலாளிக்கே நிலவரம் புரிந்தது.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வார்டுப் பையன் கயிற்றில் கட்டிய ஸ்பேனரோடு ஓடிவந்தான். "அக்கா, முள்ளு கீழ வந்துடுச்சுக்கா." சிலிண்டர்களை வார்டுக் குழாயோடு இணைக்கும் மேனிஃபோல்டில் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் மூன்று சிலிண்டர், லாரி மாதவரம் தாண்டவில்லை. நாலு தெரு தள்ளி இருந்த இன்னொரு நர்சிங் ஹோமுக்கு போன் போட்டேன். தொழிலில் எங்களுக்குப் போட்டியாளர்கள். அவர்களுடைய ஸ்டோர் அண்ணன், தன் கணக்கில் ஏழு மணி நேரத்துக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நான்கு சிலிண்டரைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பினார். ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கை, நேரம், கையெழுத்து, அவ்வளவுதான். மறுநாள் மதியம் திருப்பிக் கொடுத்தோம். அவர் துணிந்து கொடுத்ததற்குக் காரணம் அவரிடம் தன் மணிக்கணக்கு கையில் இருந்தது. அது தெரியாதவர் பயத்தில் பதுக்கத்தான் செய்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது எங்கள் பகுதியில் ஆறு மருத்துவமனைகள் இந்த மாதிரி கைமாற்றுக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றன.

வாங்குவது போகட்டும், இருப்பதை மிச்சப்படுத்த வழி உண்டா?

நிறையவே. ஆக்ஸிஜன் அளவை 99-க்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பெரும்பாலான கொரோனா நோயாளிகளுக்கு 92 முதல் 96 வரை போதும் என்றுதான் நம் நாட்டு வழிகாட்டுதலும் சொன்னது. நோயாளி சாப்பிடப் போகும்போது, கழிவறைக்குப் போகும்போது மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வால்வை மூடாமல் போவார்கள். படுக்கையில் அது பாட்டுக்கு உஸ்ஸென்று போய்க்கொண்டிருக்கும். அதை மூடுவதற்கென்றே ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவரைப் போட்டோம். குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தோம். ஆக்ஸிஜன் அளவு ஏற உதவும் என்பதால் முடிந்தவர்களைக் குப்புறப் படுக்க வைத்தோம்.

அலைந்து வாங்கிய ரெம்டெசிவிர் உண்மையில் உயிரைக் காத்ததா?

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. கீழ்ப்பாக்கத்தில் வரிசை நிற்பதற்கு ஐந்து மாதம் முன்பே, 2020 நவம்பரில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இறப்பைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது காரணம். பிற்பாடு 2022-இல், நோய் தீவிரமாகாத, ஆனால் ஆபத்து மிக அதிகமுள்ளவர்களுக்குத் தரலாம் என்று மாற்றினார்கள். ஆக, நேரத்தோடு சரியான ஆளுக்குக் கொடுத்தால் பயன் உண்டு. மூச்சு முட்டிப் படுத்துவிட்டவருக்காக மகன் இரவு முழுக்க நின்று வாங்கிய ஆறு குப்பியால் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது.

அதே நேரத்தில் என் ஸ்டோரில் டெக்ஸாமெத்தசோன் ஊசி பெட்டி பெட்டியாக இருந்தது. சில ரூபாய் மருந்து. ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளில் இறப்பைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு காட்டிய மருந்து அதுதான். அதற்கு வரிசையும் இல்லை, கள்ளச் சந்தையும் இல்லை. (ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது கெடுதல். தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.)

நான் இருந்த இடத்திலேயே, சேரும் எல்லோருக்கும் ஒரே அச்சில் 'ரெம்டெசிவிர் 6 குப்பி' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியே போய் வாங்கி வாருங்கள் என்று குடும்பத்தை அனுப்பினார்கள். தட்டுப்பாட்டில் பாதி நாங்கள் எழுதிய சீட்டில்தான் பிறந்தது. அதனால் பங்கீட்டுத் திட்டத்தின் முதல் படி, எது உண்மையில் வேலை செய்கிறது, யாருக்கு, எந்த நாளில் என்பதை வாரம் ஒருமுறை பார்த்து சீட்டு எழுதுபவர்களுக்குச் சொல்வதுதான்.

கள்ளச் சந்தையை எப்படித் தடுப்பது?

2021 மே மாதம் ரெம்டெசிவிரைப் பதுக்கி விற்றவர்கள் மீது குண்டர் சட்டம் பாயும் என்று முதல்வர் எச்சரித்தார், கைதுகளும் நடந்தன. ஸ்டோர் மட்டத்தில் நாங்கள் செய்தது: ஒவ்வொரு குப்பியிலும் நோயாளியின் ஐ.பி. எண்ணை (உள்நோயாளி எண்) மார்க்கரால் எழுதினோம், ஊசி போட்டபிறகு காலிக் குப்பியை எண்ணித் திரும்ப வாங்கினோம், லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டோம். காலிக் குப்பியில் எதையோ நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தடுப்பூசிக்கும் இதே விதிதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் சிக்கல் வேறு. 18 வயது தாண்டியவர்களுக்கு 2021 மே மாதம் திறந்தபோது கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். வேகமான நெட்டும் வேகமான விரலும் உள்ளவர்களுக்கு நொடியில் இடம் முடிந்தது. இதுவும் கீழ்ப்பாக்கம் வரிசைதான், கண்ணுக்குத் தெரியாத வரிசை. மாதக் கடைசியில் அரசு மையங்களில் நேரில் வந்து பதியவும் வழி செய்தார்கள். சென்னைக்கு என்னைக் கேட்டால் வார்டு வாரியாகப் பிரிப்பேன். 200 வார்டு இருக்கிறது, காய்ச்சல் முகாம் நடத்திய பழக்கமும் இருக்கிறது. திறந்த குப்பியை நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் கூப்பிட அருகில் வசிப்பவர்கள் பட்டியல் ஒன்றும் கையில் வேண்டும்.

எங்கள் அப்பார்ட்மெண்டில் 2021-இல் வாங்கிய கான்சன்ட்ரேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் அதை இன்றைக்கே பிளக்கில் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுங்கள். ஈரக் காற்றில் வருடக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஜியோலைட் மணிகள் கெட்டுப்போகும், வெறும் காற்றையே ஊதும். சர்வீஸ் செய்பவரிடம் ஆக்ஸிஜன் சதவீதத்தை அளந்து தரச் சொல்லுங்கள், 90-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 80-க்குக் கீழே என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு அட்டையில் அளந்த தேதி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், சாவி யாரிடம் என்று எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். அப்புறம், இரண்டு வீட்டார் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு என்பதை அடுத்த சங்கக் கூட்டத்திலேயே பேசி அதே அட்டையில் எழுதிவிடுங்கள். இப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள், பேச முடியும்.